தமிழ்நாடு ஜன்னலில் என் போன்

எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரை படித்துவிட்டு, இருபது வருஷமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் நான். எனக்குப் பத்தி எழுத என்ன தகுதி என்று போன மாதம் ஒரு வாசகர் கார்டு போட்டிருந்தார். நியாயமான கேள்வி. வாராவாரம் பேனாவைத் திறக்கும்போது நானும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியரோ இந்த அரைப் பக்கத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்கிறார். நானும் நேரில் வாய் திறந்து சொல்ல வராததையெல்லாம் இங்கே கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

வழக்கமாகச் சிரிக்கிற மாதிரி ஏதாவது எழுதுவேன். இந்த வாரம் அது முடியாது. கோபமாக இருக்கிறேன்.

விஷயம் என் செல்போன்.

நான் ஓசூரில் குடியிருக்கிறேன்; வேலை பார்டருக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில். காலை ஏழரைக்குக் கம்பெனி வேன் வரும். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் வேனுக்குள் இருக்கிற எல்லாப் போனும் ஒரே நேரத்தில் டிங் என்று சத்தம் போடும். 'கர்நாடகாவுக்கு நல்வரவு' என்று இங்கிலீஷில் மெசேஜ். இந்த ரோமிங் நல்வரவு என்றால் என்ன தெரியுமா? இனிமேல் உங்களைக் கூப்பிடுகிறவரும் காசு கொடுப்பார், போனை எடுக்கிற நீங்களும் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். வாசலில் நின்று வரவேற்றுவிட்டு உள்ளே வந்தவரிடம் வாடகை கேட்பது எந்த ஊர் வழக்கம்?

இதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். எங்கள் தையல் ஹாலில் தெற்குப் பார்த்த மாதிரி ஒரே ஒரு ஜன்னல். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில். அந்த ஜன்னல் திட்டில் வைத்தால் மட்டும் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். இரண்டடி தள்ளி வைத்தால் கர்நாடகா. நம்ப மாட்டீர்கள்... நான் அளந்து பார்த்திருக்கிறேன், இஞ்ச் டேப் கழுத்திலேயேதானே கிடக்கிறது.

அதற்குப் பெயரே 'தமிழ்நாடு ஜன்னல்'.

காலையில் வந்ததும் ஓசூர்ப் பெண்கள் எல்லோரும் போனை அந்தத் திட்டில் வரிசையாக வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விடுவோம். எல்லாம் ஒரே மாதிரி கறுப்புப் போன். அடையாளம் வேண்டுமே? ஆளுக்கு ஒரு கலர் நூலைக் கட்டியிருப்போம். நூலுக்கா எங்களிடம் பஞ்சம்! என்னுடையது ஆரஞ்சு. இஸ்திரி மாஸ்டர் கங்கப்பா துணியைத் தேய்த்துக்கொண்டே போன்களையும் பார்த்துக்கொள்வார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். ஐம்பது வயது இருக்கும். அவருக்கு எங்கள் பெயர்கள் தேவையில்லை. போன் அடித்தால் எடுத்து, "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, "பச்சே!" என்றோ "ஊதா!" என்றோ ஒரு குரல் கொடுப்பார். அந்தக் கலர்க்காரி ஓடுவாள்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும்.

என் மகள் நித்யா பிளஸ் ஒன் படிக்கிறாள். வாலிபாலில் செட்டர். செட்டர் என்றால், பந்தை அடிக்கிறவளுக்கு வாகாகத் தூக்கிக் கொடுக்கிறவள். அடிக்கிறவளுக்குத்தான் கைதட்டல். தூக்கிக் கொடுத்தவளை யாரும் பார்ப்பதில்லை. அவளுக்கு அது பழகிவிட்டது. என் மகள்தானே.

இந்த வருஷம் மாவட்ட டீமில் அவளுக்கு ஸ்டாண்ட்பை இடம் கிடைத்தது. டீமில் இருக்கிற செட்டருக்கு ஏதாவது ஆனால் இவள் போக வேண்டும். மாநிலப் போட்டிக்குப் போய் வந்தால் ஒரு சர்டிபிகேட் தருவார்கள். அது இருந்தால் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கேட்கலாம். மார்க்கை மட்டும் நம்பி இவளைக் காலேஜில் சேர்க்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பிளஸ் டூ போனால் விளையாட்டுக்கு விட மாட்டார்கள். ஆக, இருந்தது இந்த ஒரு வருஷம்தான்.

பையை ரெடியாக வை, போன் ஆனில் இருக்கட்டும் என்று பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டில் ஒரே போன், என்னுடையது. அவள் அப்பா சூளகிரிப் பக்கம் கிரானைட் பட்டறையில் தங்கி வேலை செய்கிறார். போன் வேண்டாம் என்கிற ஜாதி. டீம் படிவத்தில் போன் நம்பர் என்று இருந்த கட்டத்தை என் கையால்தான் நிரப்பினேன். ஒவ்வொரு எண்ணும் கட்டத்தை விட்டு வெளியே போகாமல்.

பை பத்து நாளாகக் கதவோரம் இருந்தது. அதற்குள் மெரூன் கலரில் ஒரு டிராக் பேண்ட். எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பீஸ். பகல் முழுக்க நான் செய்கிற வேலையே அதுதான் - வெளிநாட்டுக்குப் போகிற டிராக் பேண்டுகளுக்குப் பக்கப் பட்டை தைப்பது. எந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்களோ, தெரியாது. இந்த ஒன்றில் பட்டை கோணிப்போயிருந்தது. கேட் பாஸ் போட்டு வாங்கி வந்து, பிரித்து, நேராகத் தைத்துக் கொடுத்தேன். போட்டிக்குத்தான் முதன்முதலில் போடுவேன் என்று அவள் மடித்து வைத்துவிட்டாள்.

இனி கிரிக்கெட்டுக்கு வருகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் என் போனுக்கு ஸ்கோர் மெசேஜ் வர ஆரம்பித்தது. பகல் மேட்ச் நடக்கிற சீசன். ஓவருக்கு ஓவர் ஒரு டிங். கங்கப்பா "ஆரஞ்சே!" என்று கூப்பிட மாட்டார், நேராக மெசேஜைத் திறந்து ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்துவிடுவார். யார் அவுட், இன்னும் எத்தனை பால், எத்தனை ரன். கட்டிங் செக்ஷனிலிருந்து ஆண்கள் எட்டிப் பார்ப்பார்கள். சூப்பர்வைசரே ஒரு தடவை வந்து நின்று கேட்டுவிட்டு, எதுவும் கேட்காத மாதிரி போனார்.

அடுத்த மெஷினில் சரோஜா. கல்லாவிக்காரி, வாய்த் துடுக்கு. "ஏக்கா, உங்க போனு இப்ப ஆல் இந்தியா ரேடியோ. நாளைக்கு நியூசும் சொல்லச் சொல்லு," என்றாள்.

எனக்கு இது பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக அந்த ஹாலில் நான் இருக்கிறேனா இல்லையா என்று சூப்பர்வைசருக்கே சந்தேகம். இந்த மூன்று வாரம் டீ நேரத்தில் பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்கள். போன் கம்பெனி ஏதோ பெருந்தன்மையாக அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். இவர்கள் ஏன் எனக்கு அனுப்ப வேண்டும்? கிரிக்கெட்டில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாதவளுக்கு? இதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. ஓசூரில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள். சாரல் துணியில் அடிக்கிறது என்று தெற்கு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். போன்களை எல்லாம் எடுத்து இஸ்திரி மேஜையின் ஓரத்துக்கு மாற்றினார் கங்கப்பா. இரண்டடிதான். ஆனால் அந்த இரண்டடியில் மாநிலமே மாறிவிடுகிறதே.

"பச்சே" இரண்டு தடவை அடித்தது. "நீலா" ஒரு தடவை. ஆரஞ்சு அன்றைக்கு முழுக்க மூச்சு விடவில்லை. ஸ்கோர்கூட வரவில்லை. மேட்ச் இல்லை போலிருக்கிறது என்று நிம்மதியாகப் பட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், நித்யா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அம்மா, போனக் குடு, மிஸ்ஸக் கேக்கணும்," என்றாள். வாங்கி நம்பரை அழுத்தினாள். காதில் வைத்தாள். திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"பேலன்ஸ் இல்லியாம்."

எப்படி இருக்காது? ஞாயிற்றுக்கிழமைதான் ரீசார்ஜ் செய்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு போன் பேசினேன், அதுவும் அரை நிமிஷம்.

இருவரும் மளிகைக் கடைக்குப் போய்க் காயின் போனில் டீச்சரைப் பிடித்தோம். டீச்சர் சேலத்தில் ரயிலுக்குக் காத்திருந்தார். அவர் சொன்னது இது: காலைப் பயிற்சியில் டீம் செட்டருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பத்தரையிலிருந்து மூன்று தடவை என் நம்பரை அழைத்திருக்கிறார். மூன்று தடவையும் கன்னடத்தில் ஒரு குரல், பிறகு இங்கிலீஷில் ஒரு குரல் - இந்த எண்ணை இப்போது தொடர்புகொள்ள முடியாது. இரண்டு மணிக்குள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஆள் இருக்க வேண்டும். ராயக்கோட்டையில் ஒரு பெண், வீட்டில் லேண்ட்லைன் இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர்மேல் தப்பே சொல்ல முடியாது.

"பரவால்ல மிஸ். நல்லா ஆடச் சொல்லுங்க," என்றாள் நித்யா. ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

தெருமுனை வரை நடந்தோம். அப்புறம் கேட்டாள், "காலைலருந்து ஒரு தடவகூட போன எடுத்துப் பாக்கலியாம்மா நீ?"

மழை என்றேன். ஜன்னல் என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு, ஓசூரில் அந்தப் போன் கம்பெனியின் சேவை மையத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, டோக்கன். இந்த மாதிரி இடங்களில் எனக்குப் பின்னால் வந்தவர்களை முன்னால் விட்டுவிட்டு நிற்பது என் வழக்கம். அன்றைக்கு விடவில்லை.

கவுன்டரில் ஒரு பெண். நித்யாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் சிரிப்பு. நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கிரிக்கெட் அலர்ட் பேக் போட்டிருக்கீங்க மேம். மூணு நாள் ஃப்ரீ. அப்புறம் டெய்லி ஆட்டோமேட்டிக்கா ரெனியூ ஆகும். ரோமிங்ல பேலன்ஸ் சீரோ ஆச்சுன்னா இன்கமிங் வராது மேம்."

"நான் கேக்கலியேம்மா."

"நீங்கதான் ஒண்ண அமுத்தியிருக்கீங்க. சிஸ்டத்துல இருக்கு பாருங்க."

சிஸ்டத்தில் இருக்கிறதாம். என் மகளின் ஒரு வருஷம் எந்த சிஸ்டத்தில் இருக்கிறது?

என்றைக்கு, எத்தனை மணிக்கு அழுத்தினேன் என்று கேட்டேன். தேதி சொன்னாள். காலை பதினொன்று இருபது என்றாள். வேலை நாள். அந்த நேரத்தில் நான் மெஷினில் இருந்தேன். என் போன் ஜன்னலில் இருந்தது. எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. நிறுத்து என்றேன்.

நிறுத்துவதற்கு வழி சொன்னாள். ஒரு வார்த்தையை இங்கிலீஷில் டைப் செய்து ஒரு நம்பருக்கு அனுப்ப வேண்டும். 'நிச்சயமாகவா' என்று பதில் வரும். அதற்கு மறுபடி பதில் போட வேண்டும். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் நின்றுவிடும். மெசேஜ் அனுப்பப் பேலன்ஸ் வேண்டும்!

யோசித்துப் பாருங்கள். சேர்வதற்கு ஒரே ஒரு பட்டன், அதுவும் அவர்களே போன் செய்து நம் காதருகே கொண்டுவந்து நீட்டுவார்கள். விலகுவதற்கு மட்டும் நாம்தான் இங்கிலீஷ் படிக்க வேண்டும், ரீசார்ஜ் செய்ய வேண்டும், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்... எலிப்பொறி செய்கிறவன்கூட ஒரே வாசல்தான் வைக்கிறான். உள்ளே வர இலவசம் என்று அவன் போர்டு மாட்டுவதில்லை.

சரி, பிடித்த பணம்? அது கர்நாடகாவில் இருந்தபோது பிடித்தது, அங்கே கேளுங்கள் என்றாள். காலையில் அத்திப்பள்ளியிலிருந்து இலவச நம்பரில் பேசியபோது அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? நீங்கள் தமிழ்நாட்டு கஸ்டமர், அங்கே கேளுங்கள் என்றார்கள். காசு பிடிக்கும்போது மட்டும் இவர்களுக்குப் பார்டர் குறுக்கே வருவதே இல்லை.

கடைசியாக அந்தப் பெண் உண்மையான அக்கறையோடு ஒன்று சொன்னாள். "மிஸ்டு கால் அலர்ட் போட்டுக்கோங்க மேம். லைன் கிடைக்கலன்னாலும் யார் கூப்பிட்டாங்கன்னு மெசேஜ் வந்துடும். மாசாமாசம் கொஞ்சம்தான் பிடிப்பாங்க."

அந்த இடத்தில்தான் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. இருபது வருஷமாக எந்த சூப்பர்வைசரிடமும் உயராத குரல்.

"உங்க ஸ்கோரால எம் பொண்ணு மேட்ச் போச்சு. இத நிறுத்துற வரைக்கும் நான் இந்தச் சேர விட்டு எந்திரிக்க மாட்டேன்."

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "சொல்லுங்கம்மா, எனக்கும் டெய்லி ஏதோ ஜோசியம் வருது," என்றார். இன்னொருவர் தன் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். உள்ளறையிலிருந்து மேனேஜர் வந்தார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். நின்றுவிட்டது என்றார். எனக்கு எதிரிலேயே மெசேஜும் வந்தது.

இரண்டு நிமிஷம். அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலைக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் எதற்கு? அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இன்னும் இரண்டு நாள் கட்டணம் பிடிக்கலாமே, அதற்கா?

சனிக்கிழமை காலை கங்கப்பாவிடம் போனேன். தேதியையும் நேரத்தையும் சொன்னேன். எதற்குக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நாந்தான் அக்கா," என்றார். "அன்னிக்குப் போனு என் மேஜை மேல இருந்துச்சு. மெஷின் பேசுச்சு. கன்னடாலயே பேசுச்சு. ஃப்ரீ, ஒண்ணு அமுத்துன்னு சொல்லுச்சு. ஹால்ல எல்லார்க்கும் ஸ்கோர் கேக்கட்டும்னு அமுத்திட்டேன். அதுக்குக் காசு போகும்னு கொத்தில்ல, தெரியாது அக்கா."

வழக்கமாக மனிதர்கள் பேசினால் கலரைக் கூப்பிடுவார். மெஷினுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். யாராக இருந்தாலும் பதில் சொல்வது மரியாதை என்று நினைக்கிற ஆள். அந்த மரியாதையைத்தான் அவர்கள் காசாக்கிவிட்டார்கள்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது. எங்கள் போனை உங்களை நம்பித்தானே வைக்கிறோம் என்று கேட்டும்விட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாப்பாவிடம் நானே வந்து சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். மூன்று வாரம் அந்த ஸ்கோரை ரசித்துக் கேட்டவள் நான். எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்க வெட்கம், பெஞ்சில் கிடைத்த இடத்தை விடவும் மனசில்லை. கங்கப்பாவுக்கு அபராதம் போட்டால் அதில் பாதியை நான்தான் கட்ட வேண்டும்.

ஆனால் முழுக் கோபமும் எங்கே போக வேண்டுமோ அங்கே போகட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர், பாஷை தெரியாதவர், வெட்கப்படுகிறவர், மரியாதை தெரிந்தவர் - இந்த நாலு பேரைக் கணக்கு வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஏமாறாதவர்களை நம்பி யாராவது இந்தக் கடையைத் திறப்பார்களா?

டீ நேரத்தில் சரோஜா எல்லோரையும் ஜன்னலுக்குக் கூப்பிட்டாள். ஒவ்வொரு போனாகப் பார்த்தோம். ஊதாவில் ராசிபலன். பச்சையில் யாரும் கேட்காத பாட்டு ஒன்று ஹலோ டியூனாக. சரோஜாவுக்குத் தினமும் இங்கிலீஷில் அழகுக் குறிப்பு வந்துகொண்டிருந்திருக்கிறது.

"அதான் பாத்தேன்," என்றாள் சரோஜா. "காசு கட்டியும் ஏண்டா இப்டியே இருக்கோம்னு. படிக்கத் தெரிஞ்சாதான அழகாகறதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். கங்கப்பா மட்டும் சிரிக்கவில்லை. துணியில் குறி போடுகிற சாக்பீஸை எடுத்து ஜன்னலுக்கு மேலே கன்னடத்தில் ஒரு வரி எழுதினார். அதன் கீழே சரோஜாவைத் தமிழில் எழுதச் சொன்னார். 'மெஷின் பேசினால் பதில் சொல்லாதே.'

உங்கள் போனையும் இன்றைக்கே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நீங்கள் கேட்காத ஏதோ ஒன்று அதற்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாநில வாலிபால் போட்டி ஸ்கோரை எந்த பேக்கும் சொல்லாது என்பதால் நித்யா மளிகைக் கடைக்குப் போய்க் காயின் போட்டு டீச்சரிடம் கேட்டாள். எங்கள் டீம் காலிறுதியில் தோற்றிருந்தது. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தாள். ஒரு தடவைகூடப் போடாத அந்த டிராக் பேண்டைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள்.